பந்தியில் இலை எடுக்கிறவரும் என் ராத்திரி மாத்திரையும்: செகண்ட் லைனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்யாணத்துக்குச் சமைப்பது என் தொழில். எனக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து பல வருடம் ஆகிறது. முதலில் கொடுத்த மாத்திரைகள் ஒரு கட்டத்தில் பலிக்காமல் போக, புரோட்டியேஸ் தடுப்பான் என்ற வகைக்கு மாற்றினார்கள். ஏஆர்டி மையத்தில், அதாவது எச்.ஐ.வி.க்குக் கூட்டு மருந்து தரும் அரசு மையத்தில், இதை 'செகண்ட் லைன்' என்பார்கள். லைன் மாறிய அன்று டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே வருகிற முகங்களை அடிக்கடி பார்க்கிறேன். கவுன்சிலர் சொன்னதில் பாதி காதில் ஏறியிருக்காது. எனக்கும் ஏறவில்லை. அவர்களுக்காகத்தான் இது.

பெயர் போடவில்லை. சமையலால் இது பரவாது என்று எந்த டாக்டரும் சொல்வார். பந்தியில் உட்காருகிற ஐந்நூறு பேருக்கு அதைப் புரியவைக்க என் ஆயுள் போதாது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் சொன்னபடி சாப்பிட்டால் இந்த மாத்திரை அநேகருக்கு ஒத்துப்போகும். யாருக்கும் தெரியாமல் அதோடு வயிற்றுக்குள் போய்ச் சேருகிற இன்னொரு மாத்திரைதான் ஆளைக் கவிழ்க்கும்.

இது என்ன செய்கிறது

வைரஸ் நம் செல்லுக்குள் புகுந்து தனக்கு வேண்டிய புரதங்களை ஒரே நீளச் சரமாகத் தயாரிக்கிறது. அந்தச் சரத்தை அளவாக நறுக்கினால்தான் புது வைரஸ் உருப்படியாகும். நறுக்கும் கத்திதான் புரோட்டியேஸ். மாத்திரை போய் அந்தக் கத்தியின் வாயில் அடைத்துக்கொள்கிறது. உருவாகி வெளியே வரும் வைரஸ் வேகாத பணியாரம் மாதிரி, எதற்கும் உதவாது. இந்த வகையில் முதல் மருந்து சாக்வினவிர், 1995 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது.

நம் ஊரில் இன்று அதிகம் புழங்குவது அட்டாசனவிர் 300 மில்லிகிராமும் ரிட்டோனவிர் 100 மில்லிகிராமும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினம் ஒன்று, சாப்பாட்டோடு. சிலருக்கு லோபினவிர்-ரிட்டோனவிர் கொடுப்பார்கள். பெரியவர்களுக்குக் காலையில் இரண்டு, இரவில் இரண்டு. அதற்கும் அடுத்த கட்டத்தில் இருப்பவர்களுக்குத் தருணவிர். எல்லாவற்றிலும் ரிட்டோனவிர் ஒட்டிக்கொண்டு வருவதைக் கவனித்தீர்களா? அது ஏன் என்று புரிந்துவிட்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும்.

பந்தியில் சிலர் இருப்பார்கள். நாம் பாயசத்துக்குக் கை நீட்டுவதற்குள் இலையை எடுத்துவிடுவார்கள். நம் கல்லீரலில் அப்படி ஒரு நொதி உண்டு. மருந்து உள்ளே வந்ததும் வேலை முடிவதற்குள் அதைச் சிதைத்து அனுப்பிவிடும். அந்த ஆளின் கையைப் பிடித்து நிறுத்திவைப்பதுதான் ரிட்டோனவிரின் வேலை. ஒரு காலத்தில் அதையே முழு மருந்தாக, 600 மில்லிகிராம் வீதம் தினம் இரண்டு வேளை கொடுத்தார்கள். இப்போது 100 மில்லிகிராம் போதும், காவலுக்கு மட்டும்.

சரி, சிக்கல் எங்கே வருகிறது? அந்த ஆள் எடுக்க வேண்டியது நம் இலையை மட்டுமல்ல. சில தலைவலி மாத்திரை, தூக்க மாத்திரை, கொழுப்பு மாத்திரை, ஸ்டீராய்டு என்று பலவற்றையும் அவர்தான் அப்புறப்படுத்துகிறார். அவர் கையைக் கட்டிப் போட்டால் அவையெல்லாம் உடம்பில் தேங்கும். ஒரு மாத்திரை போட்டது ஐந்து போட்ட கணக்காகிவிடும்.

முதல் நாள்: எல்லாவற்றையும் கொட்டிக் காட்டுங்கள்

மாற்றும் முடிவை நம் டாக்டர் ஒருவரே எடுப்பதில்லை. ரத்த ரிப்போர்ட்டை மாநில அளவிலான நிபுணர் குழு பார்த்துச் சொல்லும். அதற்குக் கொஞ்ச நாள் பிடிக்கும். அந்த இடைவெளியில் வீட்டில் இருக்கிற மாத்திரை, சிரப், இன்ஹேலர், மூக்கு ஸ்ப்ரே, நாட்டு மருந்துச் சூரணம், லேகியம் எல்லாவற்றையும் ஒரு மஞ்சப் பையில் போட்டு வையுங்கள். மாற்றுகிற அன்று அந்தப் பையோடு போங்கள். பெயர் நினைவில்லை, வெள்ளையாக வட்டமாக இருக்கும் என்று சொன்னால் எந்த டாக்டராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஏதாவது மருந்து ஒவ்வாமை இருந்தால் அதையும் சொல்லுங்கள். சல்ஃபா மாத்திரையில் உடம்பு தடித்தவர்கள் தருணவிர் தொடங்குமுன் கட்டாயம் சொல்ல வேண்டும். மஞ்சள் காமாலை வந்தது, இதயத் துடிப்பில் கோளாறு, சிறுநீரகக் கல், சர்க்கரை, இவையும். பெண்கள் கருத்தடை மாத்திரை சாப்பிட்டால் அதன் பலன் குறையலாம் என்பதால் வேறு வழி கேட்டுக்கொள்ள வேண்டும். காப்பர்-டிக்கு இந்தப் பிரச்சினை இல்லை.

நேரமும் சாப்பாடும்

'காலையில் டிபனோடு போடுங்கள்' என்றுதான் எனக்கும் சொன்னார்கள். கல்யாண வேலை உள்ளவனுக்குக் காலை டிபன் எது? ராத்திரி இரண்டரைக்கு எழுந்து கோட்டை அடுப்பு மூட்டுகிறேன். ஐந்து மணிக்கு ஒரு காபி. அப்புறம் ருசி பார்க்கும் கரண்டிதான் டிபன். ஒரு மாதம் தடுமாறிவிட்டு டாக்டரிடம் கேட்டு ராத்திரி எட்டரைக்கு மாற்றிக்கொண்டேன். அந்த நேரத்தில் உலகமே கவிழ்ந்தாலும் நான் சாப்பிட்டிருப்பேன். உங்கள் நாளில் எந்த வேளைச் சாப்பாடு ஆடாமல் அசையாமல் நிற்கிறது என்று பாருங்கள். அதோடு மாத்திரையைக் கட்டுங்கள்.

சாப்பாடு என்றால் சாப்பாடு. காபி, ரெண்டு பிஸ்கட் கணக்கில் வராது. மூன்று நான்கு இட்லி சாம்பாரோடு, இடியாப்பம், சாதம் குழம்பு, எதுவானாலும் வயிற்றில் ஓரளவு இறங்கியிருக்க வேண்டும். அட்டாசனவிரும் தருணவிரும் உணவோடு போனால்தான் ரத்தத்தில் சரியாகச் சேரும். லோபினவிர் மாத்திரைக்கு இந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அதை உடைக்கக் கூடாது, நுணுக்கக் கூடாது. பெரிய மாத்திரை, தொண்டையில் நிற்கிறது என்று தேனில் குழைத்துச் சாப்பிட்ட ஒருவரை எனக்குத் தெரியும். நுணுக்கினால் அந்த மருந்து உடம்பில் சேருவதே வெகுவாகக் குறைந்துவிடும்.

விரத நாட்களைப் பற்றி: முத்துமாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பேன், பழனிக்குப் பாதயாத்திரையும் போயிருக்கிறேன். பகலில் விரதம் இருந்து இரவு சாப்பிட்டு மாத்திரை போட்டுக்கொள்வேன். மாத்திரையையே விரதத்தில் சேர்க்கிற பக்தி அம்மன் கேட்டதல்ல.

மறந்துவிட்டால்? தினம் ஒரு வேளை மாத்திரை என்றால் 12 மணி நேரத்துக்குள் ஞாபகம் வந்தால் உடனே எதையாவது சாப்பிட்டுவிட்டுப் போடலாம். இரண்டு வேளைக்காரர்களுக்கு 6 மணி நேரம். அதைத் தாண்டினால் அந்த வேளையை விட்டுவிட்டு அடுத்ததை அதன் நேரத்தில். ஒருபோதும் இரண்டாகச் சேர்த்துப் போட வேண்டாம். தினம் ஒன்று சாப்பிடுகிறவர்கள் மாதத்தில் ஒரு நாளுக்கு மேல் விடக் கூடாது என்பதுதான் மையத்தின் கணக்கு.

கண் மஞ்சளானால்

லைன் மாற்றி மூன்றாவது வாரம். தேவகோட்டைப் பக்கம் ஒரு கல்யாண வீடு, இரண்டாம் கட்டில் பலகார வேலை. மேற்பார்வைக்கு உட்கார்ந்திருந்த ஆச்சி என்னைக் கூப்பிட்டு, கட்டைவிரலால் என் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்கள்.

"ஏப்பா, கண்ணு மஞ்சப் பூத்திருக்கே. காமாலை. கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடி. உப்பு, எண்ணெய் ஆகாது."

எண்ணெய்ச் சட்டியில் கந்தரப்பம் மிதந்துகொண்டிருந்தது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அட்டாசனவிர் சாப்பிடுகிற பலருக்கு இது வரும். பழைய ரத்த அணுக்கள் உடையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதைக் கல்லீரல் பக்குவம் பண்ணி வெளியே தள்ள ஒரு நொதி வேண்டும். அட்டாசனவிர் அந்த நொதியையும் கொஞ்சம் முடக்குகிறது. கல்லீரல் கெட்டுப்போகவில்லை, நிறமி மட்டும் தேங்குகிறது. மருந்தை நிறுத்தினால் போய்விடும். ஆனால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் காமாலைப் பத்தியம் என்று ஏஆர்டி மாத்திரையையும் சேர்த்து நிறுத்தினார். அவரை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவரப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல.

அதே சமயம் மஞ்சள் எல்லாமே மாத்திரையால்தான் என்று இருந்துவிடவும் கூடாது. சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போவது, மலம் வெளுப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, வாந்தி, காய்ச்சல், சோறு கண்டாலே குமட்டுவது, இவற்றில் ஒன்று சேர்ந்தாலும் அன்றைக்கே மருத்துவமனை. அது நிஜக் காமாலையாக இருக்கலாம். வெறும் மஞ்சள்தான், ஆனால் வேலையிடத்தில் எல்லாரும் கேட்கிறார்கள், தாங்க முடியவில்லை என்றாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். மருந்தை மாற்றித் தர வழி உண்டு. ஊர் வாய்க்குப் பயப்படுவது அற்பக் காரணம் என்று நான் நினைக்கவில்லை.

லோபினவிர்காரர்களுக்கு மஞ்சள் இல்லை, வயிற்றுப்போக்கு உண்டு. முதல் சில வாரங்கள் மோர், கஞ்சி, ஓஆர்எஸ் என்று ஓட்டினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மையத்தில் கேட்டுத்தான் மருந்து.

மெடிக்கல் கடை: இங்கேதான் நான் விழுந்தேன்

நேரங்கெட்ட நேரத்தில் தின்று, மசாலா ருசி பார்த்து, டீயாகக் குடித்தால் நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஊரில் தெரிந்த மெடிக்கல். "கேஸ்தாண்ணே, காலையில வெறும் வயித்துல இதப் போடுங்க" என்று ஒரு கேப்ஸ்யூல் பட்டை. பேன்டோபிரசோலும் டோம்பெரிடோனும் கலந்தது. எந்தச் சீட்டோடும் ஓசியாகச் சேர்ந்துவருகிற மாதிரி அத்தனை சகஜமான மாத்திரை. சுகமாக இருந்தது. நாலு மாதம் போட்டேன்.

அடுத்த பரிசோதனையில் வைரல் லோட், அதாவது ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு, ஏறியிருந்தது. டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மாத்திரை விட்டீங்களா?" இல்லை என்றேன். டப்பாவைக் கொட்டி எண்ணினார், கணக்குச் சரியாக இருந்தது. பையில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்டபோதுதான் அந்தப் பட்டையை எடுத்து வைத்தேன்.

அட்டாசனவிர் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும். பேன்டோபிரசோல், ஒமெப்ரசோல் வகைகள் அந்த அமிலத்தையே அடைத்துவிடுகின்றன. அணைந்த அடுப்பில் போட்ட பருப்பு மாதிரி என் மாத்திரை வேகாமலே வெளியேறிக்கொண்டிருந்தது. தினம் தவறாமல் போட்டும் போடாத கதைதான். கேப்ஸ்யூலை நிறுத்திய பிறகு எடுத்த பரிசோதனையில் வைரஸ் இறங்கியது. இறங்காமல் வைரஸ் மருந்துக்குப் பழகியிருந்தால் எனக்கு மிச்சமிருக்கும் லைன் ஒன்றுதான்.

எரிச்சலுக்குக் குடிக்கிற ஆன்டாசிட் சிரப், சப்பும் மாத்திரை இவற்றுக்கு இடைவெளி விடலாம்: அட்டாசனவிரை அதற்கு 2 மணி நேரம் முன்பாகவோ 1 மணி நேரம் கழித்தோ போட வேண்டும். ஃபமோட்டிடின் வகைக்கு இன்னும் நீண்ட இடைவெளி, டாக்டர் சொல்லித்தான். லோபினவிர், தருணவிருக்கு இந்த அமிலத் தகராறு இல்லை. ஆனால் அந்தக் கேப்ஸ்யூலில் கூட வந்த டோம்பெரிடோன், ரிட்டோனவிர் சாப்பிடுகிற யாருக்குமே ஆகாது. தேங்கினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

இனி, கடையிலோ வேறு டாக்டரிடமோ கை நீட்டும் முன் யோசிக்க வேண்டிய மற்றவை. ஒற்றைத் தலைவலிக்குத் தரும் எர்கோட்டமைன் கலந்த மாத்திரை வேண்டவே வேண்டாம். ரத்தக் குழாய் சுருங்கி விரல் கறுத்து அழுகும் அளவுக்குப் போகலாம். பிரசவத்துக்குப் பிறகு ரத்தப்போக்கை நிறுத்தப் போடும் ஊசி ஒன்றும் அந்த இனம்தான், ஆகவே பிரசவ வார்டில் சொல்லியே ஆக வேண்டும். கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின் ஆகாது. அட்டோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் என்றால் அளவு குறைத்து டாக்டர் எழுதுவார். வலிப்புக்கான கார்பமசெபைன், ஃபெனிடாயின் இதற்கு நேரெதிர், அவை நம் மருந்தை விரட்டிவிடும். ஆண்மைக்கு என்று பேப்பரில் சுற்றித் தருகிற மாத்திரையும் பல மடங்காகத் தேங்கும், மயங்கி விழலாம்.

ஸ்டீராய்டைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் யாரும் அதை மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பகலெல்லாம் நின்று அண்டா கிண்டுகிற எனக்கு முழங்கால் போய்விட்டது. ஒரு கிளினிக்கில், "மூட்டுல ஒரு ஊசி போட்டா ஆறு மாசத்துக்குக் கவலையில்லை" என்றார்கள். டிரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு. ரிட்டோனவிர் உள்ளவர்களுக்கு மூட்டில் போட்ட அந்த ஒரு ஊசி வாரக்கணக்கில் உடம்பு முழுக்கத் தேங்கி முகம் உப்பிப்போகும், சர்க்கரை ஏறும், நம் உடம்பு தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு நின்றுபோகும். மையத்துக்கு போன் போட்டுக் கேட்டதால் தப்பித்தேன். ஆஸ்துமா இன்ஹேலரிலும் மூக்கு ஸ்ப்ரேயிலும் இருக்கும் ஃபுளூட்டிகசோன், புடசோனைடு இரண்டுக்கும் இதே கதை. பெக்லோமெத்தசோன் என்ற மாற்று இருக்கிறது.

இருமல் வந்தால், எத்தனை நாளானாலும், மையத்தில் சொல்லிக் காசநோய்ப் பரிசோதனை. காசநோய் சிகிச்சையில் வரும் ரிஃபாம்பிசின், புரோட்டியேஸ் தடுப்பானைக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் ஆக்கிவிடும். அதற்குப் பதில் ரிஃபாபியூட்டின் தருவார்கள். காசநோய் மருந்து எங்கே வாங்கினாலும் 'லைன் மாற்றியிருக்கிறார்கள்' என்று சொல்லுங்கள்.

சொல்வது எப்படி, யாரிடம்

எல்லாரும் சொந்தக்காரர்களாக இருக்கிற ஊரில் இதை எப்படிச் சொல்வது? மெடிக்கல்காரர் நம் மாமன் மகனுக்குப் பெண் கொடுத்தவராக இருப்பார். என் வழி இது. கடையில் எதுவும் சொல்வதில்லை. எதையும் வாங்கினதும் விழுங்குவதுமில்லை. பட்டையைப் போட்டோ எடுத்து மையத்தில் மருந்து கொடுப்பவருக்கு அனுப்பிவிட்டுப் பதில் வந்த பிறகுதான் வாயில் போடுவேன். நம்பர் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், தயங்க வேண்டாம். அவசரமென்றால் நம்மைத் தெரியாத வேறு ஊர் மெடிக்கலில், "ரிட்டோனவிர் கலந்த மருந்து நடக்கிறது, இது சேருமா?" என்று கேட்கலாம். ஃபார்மசிஸ்ட் படித்தவர் என்றால் புரிந்துகொள்வார்.

ஆனால் டாக்டரிடம் மறைக்காதீர்கள், குறிப்பாக ஊசி, ஆபரேஷன், பல் பிடுங்குவது என்றால். நம் சம்மதம் இல்லாமல் நம் நிலையை வெளியே சொல்லக் கூடாது, சிகிச்சையோ வேலையோ மறுக்கக் கூடாது என்று 2017-ல் வந்த சட்டம் சொல்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் இருந்தாலும் முகம் சுளிக்கிறவர்கள் சுளிக்கத்தான் செய்வார்கள், சரி. 1097 என்ற இலவச எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள்.

டப்பா, வெயில், பயணம்

டப்பா பஸ்ஸில் கலகலவென்று சத்தம் போடும். பக்கத்து சீட்டுக்காரர் திரும்பிப் பார்ப்பார். மேலே கொஞ்சம் சுத்தமான பஞ்சு வைத்தால் சத்தம் அடங்கிவிடும். லேபிளைக் கிழித்தாலும் கிழியுங்கள், உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தைத் தூக்கி எறியாதீர்கள். வைட்டமின் டப்பாவில் கொட்டி வேறு மாத்திரைகளோடு கலக்காதீர்கள்.

30 டிகிரிக்கு மேல் சூடுபடாமல் வைக்கச் சொல்வார்கள். கத்திரி வெயிலில் நம் பக்கம் அது பகல் கனவு. சமையல்கட்டு, வண்டி டிக்கி, ஓட்டுக்கு அடியில் உள்ள பரண் மட்டும் வேண்டாம். பழைய செட்டிநாட்டு வீடானால் கனத்த சுவர் உள்ள உள் அறையில் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையோரம் ஒரு மரப்பெட்டி போதும்.

வெளியூர் வேலைக்கு எத்தனை நாள் என்பதோடு ஐந்து நாள் மாத்திரை கூடுதலாக எடுத்துப்போவேன். பல்லவன் ரயிலில் சென்னைக்குப் போனால் லக்கேஜில் அல்ல, தோள் பையில். சிங்கப்பூர், வளைகுடா என்று வேலைக்குப் போகிறவர்கள் விசாவுக்கு முன்பே மையத்தில் பேசுங்கள். அங்கே போய் மருந்து தீர்ந்து நிற்பது மிக மோசம். அதிலும் இதோடு சேர்த்துத் தரும் டெனோஃபோவிர், லாமிவுடின் மருந்துகளைச் சாப்பிடுபவருக்கு ஹெபடைட்டிஸ்-பி இருந்தால் திடீரென்று நிறுத்துவதே கல்லீரலைத் தாக்கும்.

பரிசோதனையும் அவசரமும்

லைன் மாற்றி 6 மாதத்தில் வைரல் லோட், இலவசம். இந்த மருந்துகளே இலவசம்தான். அரசு ஏஆர்டி 2004 ஏப்ரலில் தொடங்கியது. செகண்ட் லைன் 2008-ல் தாம்பரத்திலும் மும்பையிலும் சோதனையாக ஆரம்பித்துத்தான் நம் வரை வந்தது. கொழுப்பு, சர்க்கரை, கல்லீரல், சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ஆகியவற்றையும் அவ்வப்போது பார்ப்பார்கள். வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அப்படியே நின்றால் உடலுறவு வழியாக இன்னொருவருக்குப் பரவாது. இதை என் மனைவியிடம் கவுன்சிலரே உட்காரவைத்துச் சொன்ன நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

தண்ணீர் நிறையக் குடியுங்கள். அட்டாசனவிர் சிலருக்குச் சிறுநீரகத்தில் கல்லாகப் படியும், அடுப்படி வேலைக்காரர்களுக்கு வியர்வையிலேயே பாதித் தண்ணீர் போய்விடுகிறது. முதுகுப் பக்கவாட்டில் பிடுங்கும் வலியோடு சிறுநீரில் ரத்தம், தலைசுற்றி மயங்குவது, தடிப்போடு காய்ச்சலும் வாய்ப்புண்ணும், மேல் வயிற்றிலிருந்து முதுகுக்குப் பாயும் கடுமையான வலி, நான் மேலே சொன்ன காமாலை அறிகுறிகள், இவற்றுக்கு மையம் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். டப்பாவைக் கையோடு எடுத்துப்போங்கள். லேபிளைக் கிழித்தவர்கள் மருந்தின் பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதி மூடிக்குள் மடித்து வைத்திருங்கள்.